நாலடி டியூப் லைட்டோடு லகாட்டுக்கு

பத்திரிகையில் இந்தப் பக்கத்துக்கு இதுவரை நான் எழுதிக் கொடுத்ததெல்லாம் கோயில் பயணங்கள்தான். பத்துமலைக்கு எந்தப் பஸ், தண்ணீர்மலையில் எங்கே தங்கலாம், செருப்பை யாரை நம்பி விடலாம் என்று எழுதுவேன். சகோதரிகளும் படித்துவிட்டு வழியில் என்னைப் பிடித்துச் சந்தேகம் கேட்பார்கள். இந்தத் தடவை எழுதுவது வேறு மாதிரி. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் தம்பி ரெங்கன் வீட்டிலிருந்து ஈப்போ வழியாக லகாட்டுக்கு, நாலடி நீள டியூப் லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். இந்த எண்பத்தாறாம் வருஷம் மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. போன வழி முழுக்கப் பயம்தான். கண்ணாடி உடையுமோ என்ற பயம் பாதி. மீதிப் பயம் எதற்கென்று சொல்கிறேன்.

தம்பி மகள் கலாவுக்கு லகாட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையன் பெயர் மோகன், லாரி ஓட்டுகிறான். குடி கிடையாது, செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போகிற பிள்ளை. கலாவுக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் வந்த இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. இதுவும் போனால் தம்பி தாங்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். கலா தாங்கிக்கொள்வாள், ஆனால் அதை எங்களுக்குக் காட்டமாட்டாள். அதுதான் இன்னும் மோசம்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையன் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். தம்பி இருப்பது பழைய ரப்பர் தோட்டம். கம்பெனி துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனது போக மிச்சமிருக்கும் லயத்து வீடுகளில் ஒன்று. வீடு சின்னது என்றாலும் வெளிச்சமாவது நன்றாக இருக்கட்டும் என்று தம்பி முன்வாசல் அறைக்குப் புது டியூப் லைட் வாங்கி மாட்டியிருந்தான். விசேஷத்துக்குப் புது லைட் போடுவது அங்கே எல்லா வீட்டிலும் வழக்கம். அதையும் விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகுதான் முதல் தடவையாகப் போடுவார்கள்.

பெண் பார்த்தாயிற்று. பிடித்துப்போயிற்று. தட்டு மாற்றலாம் என்று பையனின் அம்மா தெய்வானை அம்மாள் வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்துவிட்டார். இருட்டிக்கொண்டு வந்ததால் தம்பி சுவிட்சைப் போட்டான். லைட் எரிந்தது. எரிந்த குழாய்க்குள்ளே ஒரு வெள்ளைப் பாம்பு நெளிந்தது.

நான் கதை கட்டவில்லை. என் கண்ணால் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் விரல் தடிமனில் வெளிச்சமே பாம்பாக வளைந்து, சுருண்டு, மறுபடி நீண்டு ஓடியது. தெய்வானை அம்மாள் தட்டைத் தரையில் வைத்துவிட்டார்.

"எம் பெரிய பொண்ணு கல்யாணத்துல பந்தலுக்குள்ள பாம்பு வந்துச்சு. ஒரு வருசத்துல தாலி போச்சு" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. "நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு ஒரு வாரம் குடுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆள் அனுப்புறேன்."

அவர்களுடைய காடி கிளம்பிப் போன பிறகுதான் லயத்து சனம் முழுக்க உள்ளே வந்தது. பாம்பைப் பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாகம்மா வந்திருக்கிறாள், அணைக்காதே என்றார்கள். குழாயின் இரண்டு முனையிலும் மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், கீழே ஒரு கிண்ணத்தில் பால் வைத்தார்கள். நானும்தான் சூடம் கொளுத்தினேன். வந்தது அம்மன் என்றால் கும்பிட வேண்டும். ஆனால் எங்கள் பெண்ணின் தட்டு மாற்றுகிற நேரம் பார்த்தா வர வேண்டும் என்று உள்ளுக்குள்ளே ஒரு கோபம். கும்பிட்டுக்கொண்டே கோபப்பட்டேன், கோபப்பட்டதற்காக மறுபடியும் கும்பிட்டேன்.

அந்த லைட்டை இரவு பகலாக எரிய விட்டோம். செவ்வாய்க்கிழமை பார்த்தபோது பாம்பு மெலிந்துவிட்டது. எப்போதாவது ஒரு நெளிவுதான். புதன்கிழமை காலையில் அதுவும் இல்லை. ஒரு சாதாரண டியூப் லைட், குங்குமம் வைத்துக்கொண்டு எரிகிறது. இப்போது சனம் வேறு மாதிரி பேச ஆரம்பித்தது. வந்தவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள், இந்த வீட்டில் ஏதோ குற்றம் இருக்கிறது என்றார்கள். வந்ததும் குற்றம், போனதும் குற்றம் என்றால் நாங்கள் எங்கேதான் நிற்பது.

தம்பி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது கலா மெல்லச் சொன்னாள்.

"அத்தை, ஈப்போவுல உங்க தெருவுல ஒரு சயின்ஸ் டீச்சர் இருக்காங்கதானே. அவங்ககிட்ட இத காட்டுனா என்னா?"

"சாமி காரியத்த டீச்சர்கிட்ட காட்டுறதா?" என்றேன்.

"சாமியா இருந்தா டீச்சர் பார்த்தா மட்டும் கோவிச்சுக்குமா?"

சனிக்கிழமை காலையில் குழாயைக் கழற்றி, புதுசாக வாங்கும்போது வந்த அட்டை உறைக்குள் தள்ளி, மேலே தம்பி இடுப்பில் கட்டுகிற பழைய சாரத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தோட்டத்திலிருந்து சுங்கை சிப்புட் டவுனுக்கு ஆறு கிலோமீட்டர். பஸ் கிடையாது. மோட்டார் சைக்கிளில் குழாயைக் குறுக்கே பிடித்துக்கொண்டு உட்கார முடியாது. காய்கறி லாரிக்காரர் ஒருவர் முன்னால் ஏற்றிக்கொண்டார். மண்சாலை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் குழாயை மடியிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பிடித்தேன். பள்ளத்தில் என் எலும்பு ஆடினால் ஆடட்டும் என்று விட்டுவிட்டேன். டவுனுக்கு வந்து சேரும்போது இரண்டு தோளும் கழன்றுபோன மாதிரி இருந்தது.

ஈப்போ பஸ் எட்டேகால் மணிக்கு. முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, டிக்கெட் ஒரு வெள்ளி முப்பது காசு. கண்டக்டர் நம் ஆள்தான், வாய் சும்மா இருக்காத ஆள்.

"என்னாக்கா, கொடிமரத்தையே பேத்து எடுத்துட்டு வந்திட்டீங்களா?"

"டியூப் லைட்டுப்பா. ஒடஞ்சிரும், கிட்ட வராதே."

"ஈப்போவுல லைட்டு இல்லாமயா இங்கேருந்து கொண்டு போறீங்க? அலாமா. பின்னாடி போயி நில்லுங்கக்கா, நடுவுல நின்னா எவனாச்சும் இடிச்சிட்டு எம்மேல பழி போடுவீங்க."

பின் சீட்டு மூலையில் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, முழங்கால் இரண்டுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். செம்மோர் வந்தது, வழியில் சுண்ணாம்பு மலைகள் வந்தன. வழக்கமாக மலைக்கோயில் தெரியும்போது கையெடுத்துக் கும்பிடுவேன். அன்றைக்குக் கை காலி இல்லை. தலையை மட்டும் சாய்த்தேன். அம்மனுக்குப் புரிந்திருக்கும்.

ஈப்போவில் இறங்கும்போது மணி ஒன்பதே கால். புஷ்பா டீச்சர் எங்கள் புந்தோங் தெருவில் மூன்றாவது வீடு. பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் சொல்லிக் கொடுக்கிறார். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குப் பரீட்சை வகுப்பு வைத்திருந்தார். நேரே அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போய், வகுப்பு முடிகிற வரைக்கும் வெளியில் பெஞ்சில் குழாயோடு காத்திருந்தேன். போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள்.

நடந்ததையெல்லாம் டீச்சரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை, அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். சோதனைக்கூடத்தில் இருந்த லைட்டைக் கழற்றிவிட்டு எங்கள் குழாயை மாட்டிப் பார்த்தார். நேராக எரிந்தது. ஒரு நெளிவு இல்லை.

"போயிருச்சு டீச்சர். அதான் சொல்றேனே, போயிருச்சு" என்றேன்.

"எத்தன நாள் அணைக்காம எரிய விட்டீங்க?"

"ஞாயித்துக்கிழமலேருந்து புதன் வரைக்கும்."

"அப்ப போகத்தான் செய்யும். புது டியூப்ல சிலது அப்படித்தான்க்கா. உள்ள காத்த எடுத்துட்டு வேற ஒரு வாயு கொஞ்சூண்டு வச்சிருப்பாங்க. அதுல செய்யும்போது ஒட்டுன அழுக்கு லேசா இருக்கும். நல்லா எரிஞ்சி சூடாயி அது அடங்குற வரைக்கும் வெளிச்சம் ஒரு எடத்துல நிக்காது, நெளியும். குளிர்ச்சியா இருந்தா இன்னும் ஜாஸ்தி. நீங்க கும்புட்டுக் கும்புட்டு எரிய விட்டீங்க பாருங்க, நீங்களேதான் அத அனுப்பி வச்சிட்டீங்க."

கும்பிட்டதாலேயே போயிற்றா.

டீச்சர் ஜன்னல் திரையை எல்லாம் இழுத்து மூடினார். மேசை மேல் கை நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. இரண்டு முனையிலும் தகடு, பக்கத்தில் காற்றை உறிஞ்சுகிற பம்பு. பம்பு தடதடவென்று ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு குழாய்க்குள் ஊதா நிறத்தில் ஒரு நூல் தோன்றி நெளிந்தது. நான் பார்த்த அதே பாம்பு, நிறம்தான் வேறு. என்னையறியாமல் கையைக் கூப்பிவிட்டேன்.

"இருங்க, இன்னும் இருக்கு" என்றார் டீச்சர்.

பம்பு ஓட ஓட நூல் பருத்துக் குழாய் முழுவதும் ரோஜா நிறப் புகை மாதிரி நிறைந்தது. அப்புறம் அந்தப் புகை தானே துண்டு துண்டாகப் பிரிந்தது. ஒரு வெளிச்சம், ஒரு இருட்டு, ஒரு வெளிச்சம், ஒரு இருட்டு. புட்டுக் குழலில் மாவும் தேங்காயும் மாற்றி மாற்றி அடுக்கின மாதிரி, ஒரே அளவு, ஒரே இடைவெளி. டீச்சர் எதையோ திருகினார். வில்லைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நகர்ந்து, அகலமாகி, எண்ணிக்கையில் குறைந்து மறுபடியும் ஒழுங்காக நின்றன.

"யாரு கோடு போட்டு வச்சது?" என்றேன்.

"யாரும் போடலக்கா. மின்சாரம் தள்ளுது. தள்ற வேகத்துல ஒரு எடத்துல வெளிச்சம் வருது. வந்ததும் அங்க பலம் கொறஞ்சி போயிரும். கொஞ்ச தூரம் போயி மறுபடி பலம் சேர்ந்தாத்தான் அடுத்த வெளிச்சம். அதனால தானாவே சம தூரத்துல நின்னுக்குது. காத்த மாத்துனா கணக்கும் மாறும். ஏன் சிலது இப்படி நிக்கிது, சிலது பாம்பா ஓடுதுன்னு படிச்சவங்களே இன்னும் மண்டைய ஒடச்சிக்கிட்டுத்தான் இருக்காங்க."

எனக்குச் சட்டென்று சின்ன வயதில் தோட்டத்தில் ரப்பர் பால் சுமந்த ஞாபகம் வந்தது. காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டோருக்கு நடப்போம். கொஞ்ச தூரம் போனதும் தோள் தாங்காது, இறக்கி வைப்போம். பலம் வந்ததும் மறுபடி தூக்குவோம். இங்கேதான் இறக்க வேண்டும் என்று எங்களை வேலை வாங்குகிற எந்தத் தண்டலும் சொன்னதில்லை. ஆனாலும் எல்லாரும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் இறக்குவோம், வழி நெடுக அந்த இடங்களில் மட்டும் புல் முளைக்காது. டீச்சரிடம் இதைச் சொன்னேன். "அதேதான்க்கா, அதேதான்" என்று மேசையைத் தட்டினார். தானாகவே என்று அவர் சொன்ன இடத்தில் நான் மனசுக்குள் அம்மா என்று சொல்லிக்கொண்டேன். அதில் எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை.

ஆனால் எனக்குப் புரிந்து என்ன ஆகப்போகிறது, தெய்வானை அம்மாளுக்கு அல்லவா புரிய வேண்டும். டீச்சரால் லகாட்டுக்கு வர முடியாது, அடுத்த வகுப்பு இருந்தது. "புது டியூப் ஒண்ணு வாங்கிட்டுப் போயி அவங்க வீட்டுலயே மாட்டிக் காட்டுங்க. நெளிஞ்சா நல்லது" என்றார். நெளியாவிட்டால் என்று நான் கேட்கவில்லை.

பஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சீனர் கடை. அங்கே ஒரு நல்ல பழக்கம், டியூப் லைட் வாங்கினால் கல்லாவிலேயே மாட்டி எரிய வைத்துக் காட்டித்தான் கொடுப்பார்கள். தவுக்கே, அதாவது கடை முதலாளி, முதல் குழாயை மாட்டினார். நேராக எரிந்தது. வேண்டாம் என்றேன். இரண்டாவதும் நேராக எரிந்தது. அதுவும் வேண்டாம் என்றேன். அவர் பசார் மலாயில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நல்லாத்தானே எரியுது, என்ன கோளாறு?"

"எனக்கு நெளியிறது வேணும்."

"நெளியிறது கெட்டது. அத சனம் திருப்பிக் கொண்டாந்து என்னைத் திட்டுது. நீ அதையா கேக்குற?"

மூன்றாவது குழாய் எரிந்ததும் உள்ளே ஒரு வெள்ளை நெளிவு ஓடியது. தவுக்கே கழற்றப் போனார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். நாலு வெள்ளி எண்பது காசு. கெட்டதை விற்ற பாவம் வேண்டாம் என்று எண்பது காசை அவரே தள்ளிவிட்டார்.

இப்போது கையில் இரண்டு குழாய். லகாட் பஸ் பன்னிரண்டரைக்கு, பத்து கிலோமீட்டர், ஐம்பது காசு. பாலிம், மெங்லெம்பு தாண்டிப் போகும். மெங்லெம்புவில் ஏறியவர் கடலைப் பொட்டலத்தை நீட்டினார், வாங்கவும் கை இல்லை. மெங்லெம்பு தாண்டினால் பழைய ஈய லம்பம், ஈயம் தோண்டி எடுத்த நிலம். மண்ணைக் கழுவிக் கொட்டிய வெள்ளை மணல், கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் புல் பூண்டு கிடையாது. எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன், அன்றைக்குத்தான் கவனித்தேன். மணல் மேல் வரி வரியாக, விரலால் கோலம் இழுத்த மாதிரி ஒரே இடைவெளியில் அலை. ஒரு ஆள் கால் வைக்காத இடம் அது. ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். இதை அந்த அம்மாளிடம் சொல்லலாம் என்று கொஞ்சம் தைரியம் வந்தது.

தெய்வானை அம்மாள் வீடு பஸ் நிற்கிற இடத்திலிருந்து பதினைந்து நிமிஷ நடை, லம்பத்து ஓரத்தில் பலகை வீடு. அவரும் பெரிய மகள் சரோஜாவும் இருந்தார்கள். மோகன் லாரியோடு தைப்பிங் போயிருந்தான். சரோஜா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டு வந்தாள். வயது முப்பதுக்கு மேல் இருக்காது. நெற்றியில் ஒன்றும் இல்லை.

"பசியாறுனீங்களா?" என்றார் தெய்வானை அம்மாள். பிறகு குழாய்களைப் பார்த்தார். "என்னாக்கா இது, நான்தான் ஆள் அனுப்புறேன்னு சொன்னேனே."

டீச்சர் சொன்னதையெல்லாம் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். பால் வாளியைச் சொன்னேன், லம்பத்து மணலைச் சொன்னேன்.

"காத்து அடிச்சா மணல்ல வரி வரும். அதுக்கும் எம் பொண்ணு தாலிக்கும் என்னாக்கா சம்பந்தம்?" என்றார். கேட்டது நியாயம்தான். ஒரு தடவை மாட்டிப் பார்க்க மட்டும் அனுமதி கேட்டேன்.

சரோஜாதான் நாற்காலி மேல் ஏறிக் கடையில் வாங்கிய குழாயை மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள். நேராக எரிந்தது. கடையில் அப்படி நெளிந்தது, இங்கே குச்சி மாதிரி நின்று எரிகிறது. அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன். அப்படியேதான்.

"என் வீட்டுல சும்மா இருக்கு. ஒங்க தம்பி வீட்டுலதான் ஆடுச்சு" என்றார் தெய்வானை அம்மாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை. அவரும் ஆசையாகத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எழுந்து போகலாம் என்றால் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும், தகரத்தில் கொட்டினால் பேசுவது கேட்காது. இடி இடித்ததால் சரோஜா எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டாள். இருட்டில் மூன்று பொம்பளைகள் உட்கார்ந்திருந்தோம். நான் மனசுக்குள் மாரியாத்தாளிடம் பேசிக்கொண்டிருந்தேன். கலாவின் முகத்தில் போய் எப்படி முழிப்பேன் என்று கேட்டேன். நானாகவே கிளம்பி வந்து, பார், உன் வீட்டில்தான் குற்றம் என்று நிரூபித்துவிட்டுப் போகப் போகிறேனே என்று கேட்டேன்.

மழை குறைந்தது. திறந்த ஜன்னல் வழியாக ஈரக்காற்று சில்லென்று உள்ளே வந்தது. சரோஜா போய் சுவிட்சைப் போட்டாள். குழாய் இரண்டு தடவை சிமிட்டி எரிந்தது. உள்ளே வெள்ளைப் பாம்பு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நெளிந்து ஓடியது.

தெய்வானை அம்மாள் எழுந்து லைட்டுக்குக் கீழே போய் நின்றார். தானே அணைத்தார், தானே போட்டார். நெளிந்தது. மறுபடி போட்டார். இந்தத் தடவை வேறு மாதிரி சுருண்டது. சரோஜா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கயும் வந்தா, இங்கயும் வந்துட்டா" என்றார் தெய்வானை அம்மாள். "ரெண்டு வீட்டுக்கும் வந்தா அது குத்தம் இல்லக்கா. அது பொருத்தம். நாளைக்கே வாரோம், தட்ட மாத்திருவோம்."

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. டீச்சர் சொன்னதில் ஒரு எழுத்தும் அந்த அம்மாளின் காதில் ஏறவில்லை, ஆனாலும் காரியம் ஜெயித்துவிட்டது. பழைய குழாயைச் சாரத்தில் சுற்றிக்கொண்டு, காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. இதுவும் போய்விடும். இரண்டு மூன்று நாள் எரிந்தால் இந்த வீட்டுப் பாம்பும் போய்விடும். பொருத்தம் என்று கும்பிட்டவர் அது போன அன்றைக்கு என்ன நினைப்பார். கலா அதற்குள் இந்த வீட்டுக்கு என்று நிச்சயமாகியிருப்பாள்.

சொல்லாமல் போயிருக்கலாம். நாளைக்குத் தட்டு மாற்றிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. திரும்பினேன்.

"ஒண்ணு சொல்லணும். இது நிக்காது. எரிய எரிய அடங்கிரும். தம்பி வீட்டுல புதன்கிழமையே போயிருச்சு, இந்தா, இதான் அந்த லைட்டு, மாட்டிப் பாருங்க, சும்மாத்தான் எரியும். ஒங்க வீட்டுலயும் போயிரும். போனா பயந்துராதீங்க, எங்க பொண்ண ஒண்ணும் நெனச்சிராதீங்க."

தெய்வானை அம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன்.

"எம் மருமவன் செத்தப்ப வந்தவங்க எல்லாம் சொன்னாங்க" என்றார். "பாம்பு வந்த அன்னிக்கே நெனச்சேன், அன்னிக்கே நெனச்சேன்னு. ஒருத்தரு பாக்கி இல்ல. அன்னிக்கே வந்து சொன்னவங்க மட்டும் ஒருத்தரும் இல்லக்கா. நீங்க ஒருத்தர்தான் முன்னாடியே சொல்றீங்க."

சரோஜா தையல் மெஷின் பக்கத்திலிருந்து சொன்னாள், "அன்னிக்கு வந்தது சாரைப் பாம்பும்மா. பந்தல்ல அரிசி மூட்ட கெடந்துச்சு, எலி புடிக்க வந்துச்சு. எத்தன தடவ சொல்றது."

"சும்மா இருடி" என்றார் அம்மா. கோபம் இல்லாமல் சொன்னார். என்னிடம், "அந்தப் பழசயே கொண்டு போயி மாட்டி வைங்க. அதுக்குக் கீழதான் தட்டு மாத்தணும்" என்றார்.

லகாட்டிலிருந்து நாலு மணிப் பஸ்ஸில் ஈப்போ, அங்கிருந்து ஐந்து மணிப் பஸ்ஸில் சுங்கை சிப்புட். அதே கண்டக்டர்தான். "லைட்டு ஊர் சுத்திப் பாத்திருச்சா?" என்று கேட்டான். பாதி வழியில் ஒரு பிரேக் போட்டதில் குழாய் சீட்டுக் கம்பியில் டங் என்று இடித்தது. இறங்கும் வரை சாரத்தைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தம்பி வீட்டில் மாட்டி சுவிட்சைப் போட்டு, எரிந்ததைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். தெய்வானை அம்மாள் உள்ளே நுழைந்ததும் முதலில் அண்ணாந்துதான் பார்த்தார். லைட் அசையாமல் எரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டை எடுத்தார். கலா அடுப்பங்கரையில் நின்று ஒரே ஒரு தடவை மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது.

இனி, போகிற சகோதரிகளுக்கு. டியூப் லைட்டைப் பஸ்ஸில் கொண்டு போவதென்றால் நிமிர்த்தித்தான் பிடிக்க வேண்டும், படுக்க வைத்தால் ஒரு பிரேக்கில் போய்விடும். சாரம் இரண்டு சுற்று போதும், முனையில் இருக்கும் ஊசிகளுக்குத் தனியாகத் துணி வையுங்கள். லகாட் பஸ்ஸில் இடது பக்கம் உட்காருங்கள், மணல் நன்றாகத் தெரியும். மாசி மாதமானாலும் மத்தியானத்துக்கு மேல் மழை வரும், குடை எடுங்கள். வீட்டு விசேஷத்துக்குப் புது லைட் போடுகிறவர்கள் அதை வாங்கி வந்த அன்றைக்கே அடுப்பங்கரையில் மாட்டி இரண்டு இரவு எரிய விட்ட பிறகு முன்னறைக்குக் கொண்டு வாருங்கள். அதற்கு மேலும் நெளிந்தால் கும்பிடுங்கள், தப்பில்லை. நானும் கும்பிடுவேன். ஆனால் எந்தப் பெண்ணின் தட்டையும் கீழே வைக்காதீர்கள்.

தட்டு மாற்றிய பிறகும் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. லகாட்டில் அந்த லைட்டைத் தினமும் எரிய விடுகிறார்களா, பாம்பு இருக்கிறதா போயிற்றா என்று அதே நினைப்பு. வியாழக்கிழமை காலையில் எங்கள் தெருமுனையில் ஒரு லாரி வந்து நின்றது. மோகன் இறங்கி வந்தான். சாமான் ஏற்றப் போகிற அவசரம் அவனுக்கு, கேட்டுக்கு வெளியிலேயே நின்று சொன்னான்.

"அம்மா சொல்லச் சொன்னாங்க. அது நேத்து ராத்திரியோட போயிருச்சாம்."

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா என்னாப்பா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. லைட்ட அணைச்சிட்டுப் படுத்துத் தூங்கிட்டாங்க."